எண்ணெயும் தைலமும்: எதற்கு, எவ்வளவு, எங்கே

நன்னிலம் வட்டாரத்து வீடுகளில் மருந்துக்கென்று வைத்திருக்கும் எண்ணெய்களை, எடுக்கும் விதத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை ஆட்டி எடுப்பது. கோடை எள்ளிலிருந்து நல்லெண்ணெய், ஆமணக்கு முத்திலிருந்து விளக்கெண்ணெய், ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையிலிருந்து வேப்பெண்ணெய், ஆற்றங்கரைப் புங்கமரத்திலிருந்து புங்கெண்ணெய் எல்லாம் இந்த வகை. இரண்டாம் வகை காய்ச்சி இறக்குவது. நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ மூலிகைச் சாற்றையும் அரைத்த விழுதையும் சேர்த்து, நீர் வற்றும்வரை எரித்தெடுக்கும் தைலம் இது. நொச்சித் தைலம், அருகன் தைலம், உளுந்துத் தைலம், சுக்குத் தைலம் ஆகியவை இதில் சேரும். மூன்றாம் வகை வடிப்பது. இலையையோ மொட்டையோ கொதி நீராவியில் வேகவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிரிப்பார்கள். 1843 முதல் நீலகிரியில் நடப்பட்ட யூகலிப்டஸ் மரத்திலிருந்து வரும் நீலகிரித் தைலமும், கிராம்புத் தைலமும் இப்படிக் கிடைப்பவை. கற்பூரமும் மெந்தாலும் திடப்பொருளானாலும் வீரியத்தில் இந்த மூன்றாம் வகையோடுதான் சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றும் ஒரே அலமாரியில், பெரும்பாலும் ஒரே மாதிரிக் குப்பியில் இருப்பதுதான் சிக்கல். ஆட்டிய எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் தடவலாம். காய்ச்சிய தைலத்தை வலிக்கிற இடத்துக்கு மட்டும் உள்ளங்கை அளவு எடுக்கலாம். வடித்த தைலத்தைச் சொட்டுக் கணக்கில்தான், அதுவும் வேறு எண்ணெயில் கலந்துதான் தொடலாம். எண்ணெயால் வரும் கேடுகளை ஆராய்ந்தால் பெரும்பாலானவை இரண்டே வழியில் வந்திருக்கும்: சொட்டுக் கணக்கில் எடுக்க வேண்டியதைக் கரண்டியில் எடுத்தது, அல்லது தோலில் தடவ வேண்டியதை வாயிலோ மூக்கிலோ விட்டது.

காய்ச்சும் பக்குவம்

நொச்சி இந்தப் பக்கத்தில் வாய்க்கால் கரையிலும் வேலியிலும் தானாக வளர்வது. கை கால் வலிக்கு அதன் தைலத்தை வீட்டிலேயே காய்ச்சலாம். இலையைக் கழுவி இடித்துச் சாறு பிழிந்து, சாறும் நல்லெண்ணெயும் சம அளவு சேர்க்க வேண்டும். பாத்திரம் இரண்டும் சேர்ந்த அளவைப்போல் இரண்டு மடங்காவது கொள்ள வேண்டும். பொங்கி வழியும் எண்ணெய் அடுப்புத் தீயைப் பற்றிக்கொள்ளும். தீ சிறியதாக இருக்கட்டும். அடியில் தங்கும் வண்டல் முதலில் சேறாக ஒட்டும், பிறகு விரலில் உருட்டினால் மெழுகாகத் திரளும், அதற்கும் மேல் எரித்தால் மணலாக உதிரும். வலிக்குத் தடவ மெழுகு பதத்திலேயே இறக்கிவிடலாம். நீர் முழுதும் வற்றிவிட்டதா என்று பார்க்க, பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் தோய்த்துத் தனியே கொளுத்த வேண்டும். சடசடவென்று வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது. நீர் தங்கிய தைலம் சில வாரங்களில் பூஞ்சணம் பிடித்து நாறும்.

கற்பூரம் சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகே சேர்க்க வேண்டும்; கொதிக்கும்போது போட்டால் ஆவியாகிப் போகும், தீயும் பிடிக்கும். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் கூரைவரை தெறிக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத நிறக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, பெயரும் காய்ச்சிய தேதியும் எழுதி ஒட்டிவிட வேண்டும். குடிநீர்ப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் தைலத்தை ஊற்றி வைக்கவே கூடாது.

ஊமத்தை, எட்டிக்கொட்டை, சேங்கொட்டை, நேர்வாளம், குன்றிமணி ஆகியவை சேரும் எதையும் வீட்டில் காய்ச்சக் கூடாது. இவற்றைச் சுத்தி செய்யும் முறை கைதேர்ந்த மருத்துவருக்கு உரியது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவக் கூடத்தை நடத்தினார். அங்கே கைகண்ட மருந்துகள் பின்னாளில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையாகச் சரஸ்வதி மகால் நூலகத்தால் அச்சேறின. தைல முறைகளும் அவற்றில் உண்டு. ஆனால் அவை நோயாளியை நேரில் பார்த்து மருந்து கொடுத்த மருத்துவர்களின் முறைகள். புத்தகத்தைப் பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காய்ச்சிக்கொள்ள எழுதப்பட்டவை அல்ல.

தடவுமுன்

புதிய தைலம் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அது அந்த உடம்புக்கு ஆகாது. வடித்த தைலத்தை 30 மி.லி. நல்லெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ 12 சொட்டு என்ற அளவுக்கு மேல் கலக்க வேண்டாம். இது நூற்றுக்கு இரண்டு பங்கு. தைலத்தைச் சூடாக்குவதானால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் போதும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போயிருக்கலாம் என்பதால், அவர்களுக்குத் தடவும் எண்ணெயின் சூட்டை வேறொருவர் மணிக்கட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் குளியலன்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தைலத்தைவிடக் குளியலறைத் தரையே பெரிய ஆபத்து. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

வெட்டுக்காயம், கொப்புளம், தீப்புண் ஆகியவற்றின்மேல் எந்த எண்ணெயும் வேண்டாம். தீப்புண்ணுக்கு ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுவதே முதல் மருந்து. பாம்புக் கடிக்கும் தைலத்தில் மருந்தில்லை. கடிபட்ட கால் அசையாமல் 108 வண்டியில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதுதான் உயிர்காக்கும் வழி.

உடல்வலி

நாற்று நடவும் களையெடுப்பும் முடிந்த வாரங்களில் இடுப்பும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்வது வழக்கம். அந்த வலிக்கு நொச்சித் தைலமோ உளுந்துத் தைலமோ இளஞ்சூட்டில் தடவி, மெதுவாக நீவிவிட்டு, அரை மணி கழித்து வெந்நீர் ஊற்றினால் இதம் கிடைக்கும். இதில் நீவுவதற்கும் சூட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. அதனால் வீரியமான தைலம்தான் வேண்டும் என்பதில்லை. புதிதாகச் சுளுக்கிய மூட்டை முதல் இரண்டு நாள் நீவக் கூடாது. ஓய்வும் குளிர்ந்த ஒத்தடமும்தான் அப்போது ஏற்றவை.

கடையில் வாங்கும் வலித் தைலங்களிலும் களிம்புகளிலும் மீத்தைல் சாலிசிலேட் என்ற பொருள் பெரும்பாலும் இருக்கும். இது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கலப்பில்லாத எண்ணெய் 5 மி.லி. உள்ளே போனால் 20-க்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதை மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைப்பதும் இறுக்கிக் கட்டுவதும் மருந்தைத் தோலுக்குள் கூடுதலாக இறக்கும். தோல் வெந்தும் போகும்.

எண்ணெய் போட்டு நீவக் கூடாத வலிகளும் உண்டு. நெஞ்சை அடைப்பதுபோல் வந்து இடக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதில் போகும் நேரம், மாரடைப்பில் பறிபோகும் நேரம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச் சதை வலித்தால் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். நீவினால் அது நுரையீரலுக்கு நகரக்கூடும். வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தாங்க முடியாமல் வலித்து, கண்ணும் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் வழியாகப் பரவும் இந்த நோய்க்கு உரிய நேரத்தில் கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையே கேட்கும். தள்ளிப்போட்டால் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

சேற்றுப்புண்

நாள் முழுதும் நீரில் நிற்கும் கால்களில் விரலிடுக்கு வெளுத்து, ஊறி, வெடித்து எரிவது டெல்டாவின் சம்பா மாதங்களில் வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை. வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துப் போடுவது பழைய கைமருந்து. வேப்பெண்ணெய்க்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. ஆனால் ஈரமான விரலிடுக்கில் எண்ணெயைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, புண் ஆறுவதற்குப் பதில் பெருகும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, கால் மணி நேரம் காற்றாட விட்டு, அதன்பிறகு மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். இரவில் போடுவது நல்லது. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் பூஞ்சைக் களிம்புக்கு மாறிவிட வேண்டியதுதான்.

தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காலில் செங்கோடு ஏறுவது, குளிர்காய்ச்சல் ஆகியவை கிருமி உள்ளே ஏறியதற்கு அடையாளம். கும்பகோணத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோய் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். வீங்கிய காலில் விரலிடுக்கு வெடிப்பு ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். அடிக்கடி வரும் காய்ச்சலும் கூடிக்கொண்டே போகும் வீக்கமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவர்களுக்குத் தைலத்தைவிடத் தினமும் கழுவித் துடைப்பதே பெரிய வைத்தியம்.

சளி, தலைபாரம்

வேது பிடிக்க நொச்சியிலையே போதும். நீலகிரித் தைலம் சேர்ப்பதானால் ஒரு பாத்திரம் வெந்நீருக்கு இரண்டு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம். சிறு பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே உட்காரவைக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோவது சளியைவிடக் கொடுமை. வலிப்பு நோய் உள்ளவர்கள் நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் முகர்வதையே தவிர்க்க வேண்டும். நீலகிரித் தைலத்தை முகர்ந்த பின் வலிப்பு கண்ட பத்துப் பேரைப் பற்றிப் பெங்களூரு மருத்துவர்கள் 2017-ல் எழுதியிருக்கிறார்கள். தடவுவதும் முகர்வதும் என்ன செய்துவிடும் என்ற பொதுவான நினைப்புக்கு அது சரியான பதில்.

பேதி, பல், காது

மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் பெரியவர்களுக்கு 15 மி.லி., ஒரு வேளை. குடலுக்குள் அது ரிசினோலிக் அமிலமாகப் பிரிந்து குடலை உந்துகிறது. சில மணி நேரத்தில் வேலை செய்யும். நாள்தோறும் எடுக்கும் மருந்தல்ல. கர்ப்பிணிகளுக்குக் கூடாது; கருப்பையையும் அது சுருங்கவைக்கும். வாந்தியோடு வயிறு வலித்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், அப்போது பேதி மருந்து குடலையே ஓட்டையாக்கக்கூடும். விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பேதிக்குக் கொடுக்கும் பழக்கத்தால் உடம்பில் நீர் வற்றுவதைத் தவிர பலன் எதுவும் தெரியவில்லை. ஆமணக்கு முத்தில் உள்ள ரிசின் என்ற கொடிய விஷம், முறையாக எண்ணெய் எடுக்கும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதனால் முத்தையும் புண்ணாக்கையும் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். வேலியோரக் காட்டாமணக்கு வேறு செடி. அதன் கொட்டையும் எண்ணெயும் மருந்தே அல்ல. கொட்டையைக் கடலை என்று தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வருவது தமிழ்நாட்டில் வாடிக்கை. விளக்கேற்ற விற்கும் தீப எண்ணெய்ப் பொட்டலமும் உடம்புக்கு உரியதல்ல.

சொத்தைப் பல் வலிக்குக் கிராம்புத் தைலம் ஒரு சொட்டு, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கலாம். ஈறில் பட்டால் புண்ணாகும். வலி அடங்கும், சொத்தை அப்படியேதான் இருக்கும். காதில் காய்ச்சிய எண்ணெய் விடும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. காதில் சீழ் வடிந்தாலோ செவிப்பறை கிழிந்திருந்தாலோ எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கிவிடும். கண்ணில் எந்த எண்ணெயும் விடக் கூடாது.

கொசுவுக்குத் தேங்காயெண்ணெய் 100 மி.லி.யில் வேப்பெண்ணெய் 2 மி.லி. கலந்து கை கால்களில் பூசலாம். இந்த விகிதம் மலேரியாக் கொசுவை நன்றாகத் தடுக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்டார்கள். வாசனை எல்லாருக்கும் பிடிக்காது.

குழந்தைகள்

பிறந்த குழந்தைக்குத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ மென்மையாகத் தடவிக் குளிப்பாட்டுவதில் தீங்கில்லை. தொப்புள்கொடி விழும்வரை அதன்மேல் எண்ணெயோ சாம்பலோ படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தீங்கு தொடங்கும் இடம் பாலாடை.

குளிப்பாட்டி முடித்து, சளி எடுப்பதாக மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவதும், அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலாடையில் விளக்கெண்ணெய் புகட்டுவதும் இந்தப் பகுதியில் இன்னும் மறையவில்லை. எண்ணெய் தொண்டையை உறுத்தாது. அதனால் இருமல் வராமலேயே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலில் தங்கிய எண்ணெயை உடம்பு எளிதில் வெளியேற்றாது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1973-லேயே கட்டுரை வெளியிட்டது. நீங்காத இருமலும் மூச்சிரைப்புமாக வரும் குழந்தைக்கு எண்ணெய் புகட்டியதை வீட்டார் சொல்லாமல் மறைத்தால், மருத்துவர் வேறு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

வேப்பெண்ணெயின் கதை இதைவிடக் கசப்பானது. மலேசியாவில் இந்தியக் குடும்பங்கள் கைக்குழந்தைகளுக்குச் சளிக்கும் மாந்தத்துக்கும் வேப்பெண்ணெய் கொடுத்துவந்தன. அப்படிக் கொடுத்ததால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றிய அறிக்கை 1981-ல் லான்செட் இதழில் வந்தது. குடித்த சில மணி நேரத்துக்குள் வாந்தி, அயர்வு, வேகமான மூச்சு. பிறகு வலிப்பு, நினைவிழப்பு. 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி அளவே குழந்தையைப் படுக்கவைத்திருக்கிறது. வேப்பிலையை அரைத்துக் கொடுத்துப் பழகிய கைகளுக்கு எண்ணெயும் அதே வேம்புதானே என்று தோன்றும். கொட்டையில் செறிந்திருப்பது வேறு. வேப்பெண்ணெயை எந்தக் குழந்தைக்கும் வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்களும் கர்ப்பிணிகளும் உட்கொள்ளக் கூடாது.

நெஞ்சுச் சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தேய்ப்பதும் பரவலான வழக்கம். பூஜைக் கற்பூரம் மருந்துத் தரத்தில் செய்யப்படுவதல்ல. கற்பூரம் சளிச்சவ்வு வழியாகவும் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் விரைவாக ரத்தத்தில் ஏறும். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்த விபத்துகள் மீண்டும் மீண்டும் நடந்ததால் 1982-ல் அதன் விற்பனையே நிறுத்தப்பட்டது. மற்ற மருந்துகளில் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அங்கே வரையறுத்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், மெந்தால், நீலகிரித் தைலம் மூன்றும் வேண்டாம். மூக்குக்குக் கீழே தைலம் தடவினால் மூச்சு சிறிது நேரம் அடைத்துக்கொள்ளவும் கூடும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டே போதும்.

வாங்கும்போது

சித்த, ஆயுர்வேத மருந்துகள் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்துக்குள் 1964-ல் கொண்டுவரப்பட்டன. எனவே தைலக் குப்பியில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். ஊமத்தை, எட்டி போன்ற நச்சுச் சரக்குகள் சட்டத்தின் தனி அட்டவணையில் உள்ளன. அவை சேர்ந்த உட்கொள்ளும் மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். ஆறாத புண்ணுக்குப் போடும் மத்தன் தைலத்தில் ஊமத்தையும் துருசும் சேர்வதால் அது வெளிப்பூச்சுக்கு மட்டுமே. 1944-ல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு, 1983-ல் அரசு தொடங்கிய டாம்ப்கால் ஆகியவற்றின் தைலங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் மருத்துவர் பார்த்து, தைலத்தை விலையில்லாமலே தருகிறார்கள். ஓடும் பேருந்திலும் சந்தை வாசலிலும் விற்கும் சீட்டு ஒட்டாத வலித் தைலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.

தவறி உள்ளே போனால்

குழந்தையோ பெரியவரோ தைலத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. விரலை விடுவதும் உப்புநீர் கொடுப்பதும் எண்ணெயை நுரையீரலுக்குத் திருப்பிவிடும். பாலும் வேண்டாம். வாயைத் துடைத்து, மயக்கமோ வலிப்போ இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். நன்னிலம் அரசு மருத்துவமனைக்கோ, நிலைமை மோசமானால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகும்போது குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு போனது என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தை விளையாடிக்கொண்டிருப்பதால் ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கற்பூரமும் நீலகிரித் தைலமும் முன்னறிவிப்பில்லாமல் வலிப்பைக் கொண்டுவரும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவ வேண்டும். தோல் எரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தத் தைலத்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லலாம்.